யாரு லைன இழுக்குறது?

போன வாரம் கீழ் வீட்டு சார் வந்து கதவத் தட்டினார். நாங்க இப்ப இருக்குறது திருச்சில ஒரு அப்பார்ட்மெண்ட். அவர் வீட்டுல அஞ்சு பேர், ரெண்டு லேப்டாப், ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு டிவி, அப்புறம் ஆளுக்கொரு போன். பொண்ணு பத்தாவது படிக்கிறா, சாயங்காலம் ஆன்லைன்ல கணக்கு டியூஷன், அதுல வாத்தியார் குரல் விட்டு விட்டு வருதாம். "நெட் வேகம் நாப்பது எம்பிபிஎஸ் பத்தல போலம்மா, நூறுக்கு மாத்திடலாமான்னு பாக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டார். அவசரப்பட்டு மாத்தாதீங்க சார், ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துட்டு சொல்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் உள்ள வந்து உக்காந்தா எங்க கும்பகோணத்து வீடு தான் ஞாபகம் வருது, ஒரே ஒரு நெட் லைன வச்சுக்கிட்டு நாங்க அங்க பட்ட பாடு, ரெண்டு மாசம் ஒருத்தர ஒருத்தர் தப்பா நெனச்சது, எல்லாத்தையும் எழுதிடணும்னு தோணிடுச்சு.

அது பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவுல முற்றம், அதத் தாண்டி ரெண்டாங்கட்டு, கடைசில கொல்லை. வாசல்ல நின்னு கூப்பிட்டா கொல்லைல இருக்குறவங்களுக்கு கேக்காது. பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே சமையல். ரேழிய ஒட்டின ரூம்ல பெரியப்பாவோட ஆபீஸ், அவர் வருமான வரி, சேல்ஸ் டேக்ஸ் கணக்கெல்லாம் எழுதிக் கொடுக்குறவர், டெலிபோனும் அங்க தான். கூடத்துல என் கம்ப்யூட்டர், நான் காலேஜ் சேந்தப்ப அப்பா வாங்கிக் கொடுத்த அசெம்பிள்டு பெண்டியம் 4. ரெண்டாங்கட்டுல பெரியப்பா மகன், எங்க அண்ணன், கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற கம்ப்யூட்டர். மாடில அக்காவோடது. ஆக நாலு கம்ப்யூட்டர், உள்ள வர்றது ஒரே ஒரு டெலிபோன் கம்பி.

நம்ம நாட்டுல பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல, விஎஸ்என்எல்ங்குற மத்திய அரசு கம்பெனி மூலமா. எங்க வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் ஆறேழு வருஷம் ஆச்சு. டயல்-அப் மோடம், பேருக்கு 56 கேபிபிஎஸ், நெசத்துல செகண்டுக்கு நாலஞ்சு கேபி இறங்குனாலே நல்ல நாள். அப்பல்லாம் நெட்ட ஷேர் பண்றதுன்னா முறை வச்சு பெரியப்பா ரூம்ல போய் உக்கார்றது தான். நெட்டுல இருந்தா போன் எங்கேஜ்டு, போன் வந்தா நெட் கட்டு.

2006ல அதே டெலிபோன் கம்பிலேயே ப்ராட்பேண்ட் போட்டோம். போனும் பேசலாம் நெட்டும் பாக்கலாம், ஸ்ப்ளிட்டர்னு ஒரு குட்டி டப்பா ரெண்டையும் பிரிச்சு விட்டுரும். ஆனா மோடம்ல கம்ப்யூட்டருக்குன்னு இருந்தது ஒரு யூஎஸ்பி, ஒரு ஈதர்நெட் போர்ட், அவ்வளவு தான். மாட்ட வந்தவர் பெரியப்பா கம்ப்யூட்டர்ல யூஎஸ்பில மாட்டிட்டு, யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் பண்ணிக் காமிச்சுட்டுப் போயிட்டார். மத்த மூணு கம்ப்யூட்டர் என்ன பண்றது?

அப்ப தான் விண்டோஸ்லயே இதுக்கு ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன், இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்னு பேரு, 1999ல வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்லேருந்தே இருக்கு. நெட் வர்ற கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கேபிள் மாட்டுறதுக்குன்னு இன்னொரு லேன் கார்டு போட்டு, கனெக்ஷன் ப்ராபர்ட்டிஸ்ல அட்வான்ஸ்டுன்னு இருக்குறதுல ஒரே ஒரு டிக் போட்டா போதும். அந்த டிக் போட்ட உடனே அந்த லேன் கார்டு தானா 192.168.0.1ங்குற நம்பர எடுத்துக்கும், அதோட இணைஞ்ச மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் அதுவே நம்பர் கொடுக்கும், நெட்டையும் வாங்கி வாங்கி கொடுக்கும்.

டிக் போடுறது சுலபம், கேபிள் தான் ரெண்டு நாள் வேலை வாங்குச்சு. ரெண்டு கம்ப்யூட்டர நேரா இணைக்கணும்னா அந்தக் காலத்துல சாதாரண கேபிள் ஆகாது, க்ராஸ் கேபிள் வேணும், ஏன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாவது ரெண்டாவது கம்பில பேசும், மூணாவது ஆறாவது கம்பில கேக்கும், ரெண்டு பேரும் ஒரே கம்பில பேசி ஒரே கம்பில காது கொடுத்தா யாருக்கும் எதுவும் கேக்காதுல்ல, அதனால ஒரு முனைல பேசுறத இன்னொரு முனைல கேக்குற எடத்துக்கு மாத்தி விடணும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை ப்ரவுன், ப்ரவுன். இது ஒரு முனை. இன்னொரு முனைல ஆரஞ்சு இருந்த எடத்துல பச்சை, பச்சை இருந்த எடத்துல ஆரஞ்சு. கம்ப்யூட்டர் கடைல கிரிம்பிங் டூல ஒரு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வந்து, முற்றத்துல வெளிச்சத்துல அண்ணனும் நானும் உக்காந்தோம். அண்ணன் கம்பிய நகத்தால நீவி நீவி நேராக்குவான், நான் வரிசைய சொல்லிக்கிட்டே இருப்பேன். முதல்ல போட்ட கனெக்டர் வேலை செய்யல. அத வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு முன்பக்கமா பாத்தா எட்டு செம்புப் புள்ளி பளிச்சுன்னு தெரியணும், எங்களோடதுல ஏழு தான் தெரிஞ்சுது, மூணாவது கம்பி நுனி வரைக்கும் போகவே இல்ல. அத வெட்டிப் போட்டுட்டு மறுபடி பண்ணோம். பின்னால வந்த லேன் கார்டு, பல கேபிள ஒண்ணா இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் எந்தக் கேபிள மாட்டினாலும் தானே புரிஞ்சுகிட்டு மாத்திக்குது, இப்ப க்ராஸ் கேபிள்னு சொன்னா சின்னப் பசங்களுக்கு தெரியாது. எனக்கு அந்த எட்டு நிறம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஒரே நம்பர்ல நாலு கம்ப்யூட்டர் எப்படி வெளிய போகுதுங்குற கேள்வி என்ன ரொம்ப நாள் விடல. வெளி உலகத்துக்கு எங்க வீட்டுக்கு ஒரே ஒரு ஐபி நம்பர், அதாவது நெட்டுல எங்க விலாசம், அது ஒண்ணு தான் தெரியும். ஐபி நம்பர் 32 பிட்டுல இருக்குறதால மொத்தமே சுமார் 430 கோடி தான் இருக்க முடியும், வீட்டுல இருக்குற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா கொடுத்தா பத்தாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. 1994 மே மாசம் எகவாங், பிரான்சிஸ்னு ரெண்டு பேர், உள்ள ஒரு நம்பர் வெளிய வேற நம்பர்னு மாத்தி விடுற நாட்ங்குற முறைய எழுதி வச்சாங்க. 1996ல வீட்டுக்குள்ள, ஆபீஸுக்குள்ள மட்டும் புழங்குறதுக்குன்னு சில நம்பர்கள ஒதுக்கி வச்சதையும் முறைப்படி எழுதி வச்சாங்க, நாம எல்லாரும் பாக்குற 192.168 அந்தக் கூட்டத்துல ஒண்ணு தான். வேலை நடக்குறது எப்படின்னா, என் கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தக் கேட்டு அனுப்புதுன்னா அதுல என் நம்பரும் ஒரு போர்ட் நம்பரும் (கேபிள் சொருகுற போர்ட் இல்ல, எந்தப் பதில் எதுக்குன்னு அடையாளம் வைக்கிற எண்) இருக்கும், வாசல்ல இருக்குற கம்ப்யூட்டர், அதாவது பெரியப்பாவோடது, என் நம்பர அழிச்சுட்டு வீட்டு நம்பரப் போட்டு, வேற ஒரு போர்ட் நம்பர் எழுதி, இந்தப் போர்ட்டுக்கு பதில் வந்தா கூடத்துக்குக் கொடுக்கணும்னு தன் நோட்டுல குறிச்சுக்கும். பதில் வந்ததும் நோட்டப் பாத்து திருப்பிக் கொடுக்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே கதவு எண் தானே, தபால்காரர் திண்ணைல கொடுத்துட்டுப் போற கடுதாசியெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சு யார் யாருதுன்னு பிரிச்சு உள்ள அனுப்புறது பாட்டி தான். அந்த வேலைய தான் அந்தக் கம்ப்யூட்டர் பண்ணுச்சு.

ஆனா பாட்டி மாதிரி அது எப்பவும் வீட்டுல முழிச்சுட்டு இருக்கணும்ல. பெரியப்பா ராத்திரி 8 மணிக்கு ஆபீஸ பூட்டுவார், கம்ப்யூட்டர நிறுத்திட்டு மெயின் ஸ்விட்ச்சையும் அமத்திட்டு தான் சாப்பிட வருவார், அது அவர் முப்பது வருஷப் பழக்கம். வாசல் கம்ப்யூட்டர் நின்னா எல்லாருக்கும் நெட் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு தான் மோடமே இந்த வேலையெல்லாம் பண்ணும்னு கண்டுபிடிச்சோம். 192.168.1.1னு அடிச்சா மோடத்தோட பக்கம் வரும், அதுல ப்ரிட்ஜ்னு, அதாவது வெறுமனே கடத்தி மட்டும் விடுன்னு, இருந்தத மாத்திட்டு யூசர் நேம் பாஸ்வேர்ட உள்ளேயே போட்டு வச்சுட்டோம். விபிஐ 0, விசிஐ 35, லைனுக்குன்னு இருக்குற இந்த ரெண்டு அடையாள நம்பர மட்டும் கை வச்சுராதன்னு கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு எட்டு போர்ட் ஸ்விட்ச் வாங்கி மோடத்தோட ஈதர்நெட் போர்ட்டுலேருந்து அதுக்கு ஒரு கேபிள், அதுலேருந்து நாலு பக்கம் நாலு கேபிள். ரெண்டாங்கட்டுக்குப் போற கேபிள் முற்றத்த சுத்தி தூணுக்குத் தூண் க்ளிப் அடிச்சு போச்சு, முப்பது மீட்டர் ஆச்சு. நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும்ங்குறதால கவலை இல்ல. அதுக்கப்புறம் பெரியப்பா ஆபீஸ நிறுத்தினாலும் நெட் நிக்கல. ஷேர் பண்ணணும்னு நெனைக்கிறவங்களுக்கு இன்னைக்கும் நான் சொல்றது இது தான், எந்த ஒருத்தரோட கம்ப்யூட்டரையும் வாசலா ஆக்காதீங்க, வாசல் தனி டப்பாவா இருக்கட்டும், சின்ன டப்பாவா இருந்தாலும் சரி.

மாசக் கணக்கு ஒரு பெரிய விஷயம். எங்க ப்ளான்ல மாசத்துக்கு இத்தன ஜிபின்னு ஒரு அளவு, அதத் தாண்டினா எம்பிக்கு இவ்வளவுன்னு ஏறும். ராத்திரி 2 மணிலேருந்து காலைல 8 மணி வரைக்கும் கணக்கே கிடையாது. அதனால பெரிய டவுன்லோடு எல்லாம் 2 மணிக்கு தான். நான் உபுண்டுங்குற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சிடி, 700 எம்பி, அலாரம் வச்சு எழுந்து போட்டிருக்கேன், அம்மா பாத்துட்டு "ஏண்டி இந்நேரத்துல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துருக்க"ன்னு பதறிப் போயிட்டாங்க. பில் முதல்ல பெரியப்பா மட்டும் தான் கட்டினார், ஆறாவது மாசம் அப்பா பாதிய எடுத்து அவர் மேஜைல வச்சுட்டு ஒண்ணும் பேசாம வந்துட்டார். பெரியப்பாவும் ஒண்ணும் சொல்லல. அதுலேருந்து எல்லா மாசமும் அப்படித் தான்.

இடிய பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். டெல்டா பக்கம் ஐப்பசி கார்த்திகைல இடி மின்னல் எப்படி இருக்கும்னு அங்க இருந்தவங்களுக்கு தெரியும். 2007 ஐப்பசில ஒரு ராத்திரி பக்கத்துலயே எங்கயோ இறங்குச்சு. டெலிபோன் கம்பி வழியா உள்ள வந்து மோடம், ஸ்விட்ச்சுல ரெண்டு போர்ட், ரெண்டு கம்ப்யூட்டரோட லேன் கார்டு, எல்லாத்தையும் ஒரே அடில தீத்துருச்சு. கரண்ட் பிளக்க எல்லாம் பிடுங்கி வச்சிருந்தோம், டெலிபோன் கம்பிய யாரும் நெனைக்கவே இல்ல. கம்ப்யூட்டரெல்லாம் கேபிளால கோத்து வச்சா மின்னலுக்கும் அது பாதை தான். அதுக்கப்புறம் மேகம் கறுத்தாலே பாட்டி போய் டெலிபோன் கம்பிய மோடத்துலேருந்து உருவிருவாங்க. இப்பல்லாம் கண்ணாடி இழை வர்றதால வெளிலேருந்து வர்ற அந்த பயம் கொறஞ்சிருக்கு, செம்புக் கம்பி உள்ளவங்க இன்னமும் உருவி வைக்கிறது நல்லது.

2009ல வைஃபை ரவுட்டர் வாங்கினோம், அது ஒரு வாரம் எங்கள சுத்தல்ல விட்டுச்சு. காலைல நெட் வரும், சாயங்காலம் வராது, அண்ணனுக்கு வரும், எனக்கு வராது, ரீஸ்டார்ட் பண்ணா எனக்கு வரும், அவனுக்கு போயிரும். கடைசில கருப்பு விண்டோல, கம்ப்யூட்டரோட நம்பரக் காட்டுற ஐபிகான்ஃபிக் கட்டளைய அடிச்சுப் பாத்தா அண்ணனுக்கு 192.168.1ல ஆரம்பிக்கிற நம்பர், எனக்கு 192.168.0ல. அப்ப தான் புரிஞ்சுது. மோடம் கேபிள ரவுட்டர்ல வெளி லைனுக்குன்னு இருக்குற வேன் போர்ட்டுல சொருகாம, வீட்டுக் கம்ப்யூட்டருக்குன்னு இருக்குற லேன் போர்ட்டுல சொருகியிருந்தேன், அதனால வீட்டுக்குள்ள நம்பர் கொடுக்குறவங்க ரெண்டு பேர் ஆயிட்டாங்க, யாரு முந்திக்குறாங்களோ அவங்க நம்பர் தான் கிடைக்கும், ரவுட்டர்கிட்ட நம்பர் வாங்கினவங்களுக்கு அது தன்னையே வாசல்னு சொல்லி அனுப்பும், ஆனா அதுக்கு வெளிய வழி கிடையாது. ரவுட்டர்ல நம்பர் கொடுக்குற டிஹெச்சிபிய அணைச்சுட்டு அதுக்கு 192.168.1.2ன்னு நம்பர் கொடுத்ததும் சரியாயிடுச்சு. வீட்டுல விட்டு விட்டு நெட் போகுதுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குற கேள்வி, உங்களுக்கு நம்பர் கொடுக்குறது யாருன்னு தான். இன்னொண்ணு, அந்த வீட்டுச் சுவர் ஒன்றரை அடி தடிமன், ரேழில ரவுட்டர வச்சா கூடம் தாண்டாது. முற்றத்து ஓரம் ஓட்டுக்குக் கீழ தூண்ல மாட்டினதும் மாடி, ரெண்டாங்கட்டு, சமையக்கட்டு எல்லாத்துக்கும் போச்சு, முற்றம் தொறந்த வெளிங்குறதால.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தா. அத்தான் சிங்கப்பூர்ல. எங்க பக்கம் தெருவுக்கு நாலு வீட்டுல சிங்கப்பூர் உண்டு. குழந்தை பொறந்தப்ப அவருக்கு லீவு கிடைக்கல. தினமும் ராத்திரி 8 மணிக்கு, அங்க பத்தரை, ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து ஸ்கைப்ல கூப்பிடுவார். மாடில வெப்கேமரா முன்னால அக்கா குழந்தைய மடில வச்சு உக்காந்திருப்பா. முதல் பத்து நாள் நல்லா தான் இருந்துச்சு. அப்புறம் சில நாள் சட்டுன்னு அப்படியே நிக்கும். குழந்தை கொட்டாவி விடுற மாதிரி பாதில வாயத் தொறந்தபடி உறைஞ்சு போச்சுன்னு அவர் சொல்வார், அவர் குரல் இங்க கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வரும், அப்புறம் அதுவும் நின்னுரும். அக்கா மாடிப்படில வந்து நின்னு "யாரு லைன இழுக்குறது?"ன்னு கத்துவா. எல்லாரும் கூடத்துல என்னத் தான் பாப்பாங்க, ஏன்னா டவுன்லோடு போடுறவ நான். நான் எல்லாத்தையும் மூடிட்டு கைய கட்டிட்டு உக்காந்துருப்பேன், அப்பவும் நிக்கும். ஒரு நாள் அக்கா அழுதுட்டா. ஒரு மாசக் குழந்தை, தகப்பன் அத நேர்ல இன்னும் பாக்கல, தெனம் கிடைக்கிற அந்த அரை மணி நேரம் தான் அவருக்கு. என்ன நம்பல அவ. எனக்கு அது ரொம்ப வலிச்சுது.

நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு. கூடத்துல கம்ப்யூட்டர்ல பிங் ஓட விட்டேன், நிக்காம, வரி வரியா. ஒரு சின்ன துணுக்க வெளிய அனுப்பி அது திரும்பி வர எத்தன மில்லிசெகண்டு ஆச்சுன்னு சொல்லும். சும்மா இருக்குறப்ப 40, 42, 39ன்னு ஓடும். நோட்டு வச்சுக்கிட்டு மூணு ராத்திரி நேரத்தோட எழுதினேன். மூணாவது நாள் 8.20க்கு 40 இருந்தது 400 ஆச்சு, 1100 ஆச்சு, அப்புறம் 2000த்த தொட்டு அங்கயே நின்னுச்சு. அதே நேரம் மாடிலேருந்து அக்கா சத்தம். நான் எழுந்து ஒவ்வொரு ரூமா போனேன். பெரியப்பா ரூம் பூட்டியிருக்கு. ரெண்டாங்கட்டுல அண்ணன் சாப்பாட்டுக்கு போயிட்டான், ஸ்க்ரீன்ல மட்டும் ஒரு சின்ன விண்டோ, ஃபைல் ஏத்துற ஃபைல்சில்லா, ஒரு பச்சைக் கோடு மெதுவா நகந்துகிட்டு இருக்கு. ஆல்பம் ஷீட்ட ப்ரிண்டிங் லேபுக்கு ஏத்திக்கிட்டு இருந்தான். பன்னெண்டுக்கு முப்பத்தாறு இன்ச் ஷீட், ஒவ்வொண்ணும் பத்து பன்னெண்டு எம்பி, ஒரு கல்யாணத்துக்கு நாப்பது ஷீட். முன்னல்லாம் டிவிடில எழுதி பஸ்ஸுல பார்சல் போடுவான், இல்லன்னா ராத்திரி 2 மணிக்கு ஏத்துவான், முகூர்த்த மாசத்துல அவசர ஆர்டர் வந்தா மட்டும் சாயங்காலமே. அத நிறுத்திட்டு கூடத்துக்கு ஓடி வந்து பாத்தா ஸ்க்ரீன்ல 41, 40, 42.

அண்ணன் நம்பல, ஏத்துறதுக்கும் இறங்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டான், நானும் அப்படித் தான் அது வரைக்கும் நெனச்சுகிட்டு இருந்தேன். அவன வச்சே திரும்பத் திரும்ப ஓட விட்டு நிறுத்திக் காமிச்சேன். எங்க லைன்ல இறங்குறது 2 எம்பிபிஎஸ், ஆனா மேல போறது 256 கேபிபிஎஸ் தான், எட்டு பிட் சேந்தா ஒரு பைட்டு, அதாவது செகண்டுக்கு 32 கேபி. கம்ப்யூட்டர் மோடத்துக்கு அனுப்புற வேகம் 100 எம்பிபிஎஸ். அது கொட்டுறத மோடம் தன் மெமரில வரிசையா நிறுத்தி வச்சு ஒவ்வொண்ணா வெளிய விடும். அந்த வரிசைல 64 கேபி நின்னாலே, செகண்டுக்கு 32ன்னா, கடைசில வந்து நிக்கிறவனுக்கு ரெண்டு செகண்டு காத்திருக்கணும். எங்க மாடிப்படி ஒரு ஆள் போற அகலம் தான். அதுல நாலு பேர் பீரோவ எறக்கிட்டு இருக்குறப்ப ஒரு குழந்தை கைல டம்ளரோட பின்னால வந்தா, அந்த டம்ளர் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பீரோ எறங்குற வரைக்கும் நின்னு தான் ஆகணும். அக்காவோட குரல் அந்த டம்ளர். டவுன்லோடுக்கும் இதே கதி, ஏன்னா இறங்குற ஒவ்வொரு துண்டுக்கும் வந்து சேந்துச்சுன்னு ஒரு சின்ன பதில் மேல போகணும், அந்தப் பதில் வரிசைல மாட்டிக்கிட்டா அங்கேருந்து அடுத்தது வராது. அதனால தான் ஏத்துறவன் ஒருத்தன் இருந்தா வீடே ஸ்லோ ஆச்சு.

வழி என்னன்னா ஃபைல்சில்லால வேகத்துக்கு எல்லை போடலாம். அப்லோடு 20 கேபின்னு போட்டேன். 32 போறதுல 20 மட்டும் எடுத்துக்கிட்டா மோடத்துல வரிசையே நிக்காது. அண்ணனுக்கு நாலேகால் மணி நேரத்துல போற ஐநூறு எம்பி ஏழு மணி நேரம் ஆகும், அத அவன்கிட்ட சொன்னேன், ஒரு நிமிஷம் யோசிச்சான், "பரவால்ல, போடு"ன்னான். அக்கா பேசுற நேரத்துக்கு 10. வீடியோவுக்கு கொஞ்சம் எடம் வேணும்ல. அன்னைக்கு ராத்திரி அத்தான் கூப்பிட்டார், குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு, அவர் எழுப்ப வேணாம்னு சொல்லிட்டு அரை மணி நேரம் அது தூங்குறதையே பாத்துகிட்டு இருந்தாராம், படம் ஒரு தடவ கூட நிக்கலன்னு அக்கா கீழ வந்து சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல, சாப்பிடுறப்ப என் தட்டுல ரெண்டு அப்பளம் எடுத்து வச்சா.

ரெண்டு வருஷம் கழிச்சு தான் இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு படிச்சேன். ஜிம் கெட்டிஸ்னு ஒருத்தர், கம்ப்யூட்டர் உலகத்துல பெரிய ஆள், யூனிக்ஸ் கம்ப்யூட்டர் திரைல விண்டோ காட்டுற எக்ஸ் விண்டோ சிஸ்டம் உருவாக்கினவங்கள்ல ஒருத்தர், 2010ல தன் வீட்டு கனெக்ஷன்ல பெரிய ஃபைல் ஏத்துறப்ப இதே மாதிரி பிங் எகிறுறதப் பாத்துட்டு தோண்ட ஆரம்பிச்சு, பஃபர்ப்ளோட்டுன்னு பேர் வச்சார். மோடம், ரவுட்டர் செய்றவங்க எல்லாம் மெமரி மலிவா கிடைக்குதேன்னு பெரிய பெரிய வரிசையா வச்சது தான் காரணம். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ரெண்டு பேரும் கோடெல்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, வரிசைல எத்தன பேர் நிக்குறாங்கன்னு பாக்காம எவ்வளவு நேரம் நிக்குறாங்கன்னு பாக்குற முறை. அதுலேருந்து வந்தது தான் எஃப்க்யூ-கோடெல், பீரோவுக்கு ஒரு வரிசை டம்ளருக்கு ஒரு வரிசைன்னு பிரிச்சு, மாத்தி மாத்தி விடும். ஓப்பன்டபிள்யூஆர்டிங்குற இலவச சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னு ஒரு வசதி இருக்கு, லைனோட நெஜ வேகத்த விட கொஞ்சம் கொறச்சு அதுல போட்டுட்டா நான் ஃபைல்சில்லால கையால பண்ணத அது வீடு முழுக்கவும் தானா பண்ணும். வெறும் வேகத்துக்கு காசு கட்டுறதுக்கு முன்னால இத ஒரு தடவ பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், மனசாரத் தான் சொல்றேன்.

இடைல இன்னொரு மாற்றமும் நடந்துருச்சு. உலகத்துக்கு மொத்தமா கொடுக்க வச்சிருந்த ஐபி நம்பர் 2011 பிப்ரவரி 3ல தீந்து போச்சு. நாங்க வீட்டுக்குள்ள பண்ணத இப்ப நெட் கொடுக்குறவங்களே ஊருக்கே பண்றாங்க, பல வீட்டுக்கு சேத்து ஒரே ஒரு வெளி நம்பர். அதுக்குன்னே 2012ல 100.64லேருந்து 100.127 வரைக்கும் ஒதுக்கி வச்சாங்க. உங்க ரவுட்டர் பக்கத்துல வேன் நம்பர் அப்படி ஆரம்பிச்சா நீங்களும் அந்தக் கூட்டுக் குடும்பத்துல தான் இருக்கீங்க. சாதாரணமா பாக்குறதுக்கு ஒண்ணும் தெரியாது, வெளியூர்லேருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள நேரா வரணும்னா தான் வழி அடைபட்டிருக்கும். எனக்கு அது பிடிக்கல, நம்பர் பஞ்சமே இல்லாத புது முறை ஐபிவி6 எல்லா வீட்டுக்கும் ஒழுங்கா வந்தா இந்தத் தொல்லை தீரும்.

ஞாயித்துக்கிழமை கீழ் வீட்டுக்குப் போனேன். கும்பகோணத்து கதையாவே இருக்கும்னு நெனச்சுட்டு தான் போனேன், லேப்டாப்ப கேபிளால ரவுட்டர்ல நேரா மாட்டி பிங்க ஓட விட்டு, எல்லார் போனையும் போட்டோ ஏத்த சொன்னேன். 8, 9, 8, அசையல. லைன் மேல தப்பு இல்ல. கேபிள உருவிட்டு வைஃபைல பொண்ணு ரூம்ல போய் உக்காந்தேன், 12, 15, 300, 9, 700. அங்க பாத்தா ரவுட்டர் வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல அலமாரிக்குள்ள, பொண்ணு ரூம் கடைசி மூலைல, நடுவுல ரெண்டு சுவர், கூடத்துல தாத்தா டிவில படம் பாத்துகிட்டு இருக்கார், அந்த டிவியும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல தான் ஓடுது. காத்துல போற வழி ஒண்ணு தான், ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் பொறுக்கணும், தூரத்துல இருக்குறவங்களுக்கு வேகம் கொறஞ்சு பேச்சு நீளும், எல்லாரும் அதுக்காக காத்திருக்கணும். நூறு எம்பிபிஎஸ் வாங்கினாலும் இந்த மாடிப்படி அகலமாகாது. டிவி நகராத பொருள், அதுக்கு எதுக்கு காத்து, கேபிள் போட்டுருவோம், பழைய டெஸ்க்டாப்புக்கும் அப்படியே, ரவுட்டர அலமாரிய விட்டு எடுத்து கூடத்துச் சுவர்ல உயரமா மாட்டுவோம்னு சொன்னேன்.

சார் உடனே பைக்க எடுத்துக்கிட்டு போய் இருபது மீட்டர் கேட்-6 கேபிளும் பத்து கனெக்டரும் வாங்கிட்டு வந்துட்டார். தாத்தா டிவிய நிறுத்திட்டு நாற்காலிய பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டார். நான் உறைய உரிச்சு நாலு ஜோடியையும் பிரிச்சு நகத்தால நீவி நேராக்கினேன். "ஆன்ட்டி, நான் கலர் சொல்லவா"ன்னு பொண்ணு போன்ல படத்த எடுத்து வச்சுக்கிட்டு ஆரம்பிச்சா, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை ப்ரவுன், ப்ரவுன். கனெக்டர்ல சொருகி, அழுத்துறதுக்கு முன்னால பால்கனி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு அவ கைல கொடுத்தேன், எத்தன புள்ளி தெரியுது எண்ணிப் பாருன்னேன். ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணினா. எட்டும் இருந்துச்சு.